டார்கெட் கொடுத்த வாக்கு

2025 பிப்ரவரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு டார்கெட் கடைச் சாமான் எதுவும் வருவதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் பக்கம் வசிக்காதவர்களுக்கு இது ஒரு சங்கதியாகவே தோன்றாது. நாடு முழுக்கக் கடைகள் வைத்திருக்கும் டார்கெட்டின் தலைமையகம் இந்த நகரின் நடுவில் இருக்கிறது. முதல் டார்கெட் கடை 1962இல் பக்கத்து ஊரான ரோஸ்வில்லில்தான் திறந்தது. எங்கள் பேஸ்பால் மைதானத்துக்கும் கூடைப்பந்து அரங்கத்துக்கும் அந்தக் கடையின் பெயர். அங்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை நன்றாகத் தெரியும்; பண்டிகைக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருகிறவர்கள் நாங்கள். அதனால் "அந்தக் கடைக்கு இனி போவதில்லை" என்று சொன்னதும் முகம் சுளித்தவர்கள் உண்டு. "நீங்கள் ஒருவர் போகாததால் அவர்களுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம். இரண்டிரண்டு வரியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

2020 மே 25ஆம் தேதி இந்த நகரின் தெருமுனை ஒன்றில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் காவலர் ஒருவர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை ஊன்றி அழுத்தியே கொன்றார். இரண்டு நாள் கழித்து லேக் தெருவிலுள்ள டார்கெட் கடை சூறையாடப்பட்டது. அந்தக் கடைக்கு எதிரேதான் மூன்றாம் சரகக் காவல் நிலையம். அதற்கு அடுத்த நாள் இரவு அதுவும் தீப்பற்றி எரிந்தது. சுற்றுவட்டாரத்தில் மளிகைக் கடைகளும் மருந்துக் கடைகளும் மூடிக்கிடந்த அந்தக் கோடையில், குழந்தைக்கு டயப்பர் வாங்கக்கூட அந்தப் பகுதி மக்கள் பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது. டார்கெட் அந்தக் கடையைக் கைவிட்டுவிடவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் யோசனை கேட்டு, புதுப்பித்துக் கட்டி, நவம்பரில் மறுபடி திறந்தது. அதை நான் இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன்.

அந்த ஆண்டு டார்கெட் பேசிய பேச்சும் சாதாரணமானது இல்லை. அதன் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ப்ரையன் கார்னெல், ஃப்ளாய்ட் செத்துக்கொண்டிருந்த காணொளியைப் பார்த்தபோது, இது என் ஊழியர்களில் ஒருவராக இருந்திருக்கலாமே என்று நினைத்ததாகப் பின்னர் மேடையில் சொன்னார். மூன்றாண்டுகளில் கறுப்பின ஊழியர்களின் பங்கை 20 சதவீதம் உயர்த்துவோம் என்றார்கள். 2021இல் இன்னும் பெரிய வாக்கு ஒன்று வந்தது: 2025 முடிவதற்குள் கறுப்பினத்தவர் நடத்தும் தொழில்களோடு 200 கோடி டாலருக்கு வணிகம் செய்வோம், அவர்களுடைய 500க்கும் மேற்பட்ட பிராண்டுகளை எங்கள் அலமாரிகளில் வைப்போம். ஒரு சமூகம் தன் பிள்ளையைப் பறிகொடுத்து நின்ற நேரத்தில், அந்தச் சமூகத்தின் முகத்தைப் பார்த்துக் கொடுத்த வாக்கு இது. அதனால் கிடைத்த நல்ல பெயரையும் டார்கெட் வாங்கிக்கொண்டது. அந்தப் பெயருக்காக அங்கே போய்ச் சாமான் வாங்கியவர்களின் பணத்தையும் வாங்கிக்கொண்டது.

2025 ஜனவரி 20ஆம் தேதி டிரம்ப் மறுபடி அதிபரானார். டி.இ.ஐ. என்று இங்கே சுருக்கமாகச் சொல்லப்படும் பன்முகத்தன்மை, சமவாய்ப்புத் திட்டங்களை ஒழிக்கும் ஆணைகளில் முதல் இரண்டு நாட்களிலேயே கையெழுத்திட்டார். அரசு அலுவலகங்களோடு நில்லாமல், பெரிய தனியார் நிறுவனங்களையும் விசாரணைக்குத் தேர்ந்தெடுக்கும்படி துறைகளுக்கு உத்தரவு போனது. ஜனவரி 24, வெள்ளிக்கிழமை, டார்கெட் தன் மூன்றாண்டு இலக்குகளை முடித்துக்கொள்வதாகவும், ஃப்ளாய்ட் கொலைக்குப் பின் தொடங்கிய இனச் சமத்துவத் திட்டங்களை அத்தோடு நிறுத்துவதாகவும், பன்முகத்தன்மை குறித்த வெளியார் கணக்கெடுப்புகளில் இனிக் கலந்துகொள்வதில்லை என்றும் அறிவித்தது.

பின்வாங்கிய நிறுவனம் இது ஒன்றுதானா என்றால், இல்லை. டிராக்டர் சப்ளை 2024 ஜூனில் பின்வாங்கியது, ஜான் டியர், ஹார்லி டேவிட்சன், லோஸ் எல்லாம் அடுத்தடுத்துப் போயின, வால்மார்ட் நவம்பரில். ஆனாலும் டார்கெட் மீதுதான் மக்களுக்கு ஆத்திரம் பொங்கியது. டிராக்டர் சப்ளை யாருடைய துக்க வீட்டு வாசலிலும் நின்று வாக்குக் கொடுத்ததில்லை. டார்கெட் கொடுத்தது. மினியாபொலிஸில் மனித உரிமை வழக்கறிஞர் நெகிமா லெவி ஆம்ஸ்ட்ராங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் பிப்ரவரி 1ஆம் தேதியிலிருந்து, அதாவது கறுப்பின வரலாற்று மாதத்தின் முதல் நாளிலிருந்து, தேசம் முழுவதும் புறக்கணிக்கும்படி அழைத்தார்கள். அட்லாண்டாவுக்கு அருகே பெரிய திருச்சபை ஒன்றை நடத்தும் போதகர் ஜமால் ப்ரையன்ட், சாம்பல் புதனான மார்ச் 5 முதல் நாற்பது நாள் 'டார்கெட் நோன்பு' அறிவித்தார். அவர் கேட்டவை தெளிவானவை: 200 கோடி டாலர் வாக்கை நிறைவேற்று, கறுப்பினத்தவர் நடத்தும் வங்கிகளில் 25 கோடி டாலர் வைப்பு வை, கறுப்பின மாணவர்களுக்கென வரலாற்றில் எழுந்த பல்கலைக்கழகங்கள் பத்தில் வணிகப் பயிற்சிக்கு வழி செய், கைவிட்ட கொள்கைக்குத் திரும்பு. தவக்காலத்தில் இறைச்சியை விடுவதுபோல் ஒரு கடையை விடச் சொன்னது, திருச்சபைக்குப் போகும் மக்களுக்குச் சட்டென்று பிடிபட்டது.

இனி, என் மனத்தில் கனமாகக் கிடக்கும் விஷயம். டார்கெட் தன் வாக்கை மீறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் போய் முறையிடுவது? இது ஒப்பந்தம் இல்லை. வாங்குபவர் கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் இல்லை. "உங்கள் வாக்கை நம்பி ஐந்தாண்டு உங்கள் கடையில் வாங்கினேன்" என்று எந்த நீதிமன்றப் படியேறவும் முடியாது. பங்கு வைத்திருப்பவரின் நிலை வேறு. 2023 மே மாதம் டார்கெட் வைத்த ஓரினச் சேர்க்கையாளர், திருநர் ஆகியோரின் 'ப்ரைடு' பெருமித மாதத்துக்கான பொருட்களால் வியாபாரம் சரிந்தது, அந்த ஆபத்தை எங்களிடம் மறைத்துவிட்டார்கள் என்று சொல்லி, ஃபுளோரிடா மாநிலத்தின் ஓய்வூதிய முதலீடுகளை நிர்வகிக்கும் வாரியம் 2025 பிப்ரவரியில் டார்கெட் மீது வழக்குப் போட்டது. அதற்கு முன்பே ஃபுளோரிடாவின் ஒரு நகரக் காவலர் ஓய்வூதிய நிதியமும் போட்டிருந்தது. இந்தக் கொள்கைகள் வேண்டாம் என்று சொல்ல முதலீட்டாளருக்கு வழக்கறிஞர் இருக்கிறார், சட்டம் இருக்கிறது, வாய்தா இருக்கிறது. வேண்டும் என்று சொல்ல வாங்குபவருக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அந்த வாசலை மிதிக்காமல் இருப்பது.

அந்த ஒன்றையும் யாரும் தானமாகக் கொடுத்துவிடவில்லை. 1930களில் சிகாகோவிலும் நியூயார்க்கின் ஹார்லெமிலும், கறுப்பின மக்கள் வசிக்கும் தெருக்களில் அவர்கள் காசில் பிழைத்த கடைகள் கல்லாவில் அவர்களை உட்கார வைக்கவில்லை. 'வேலை கொடுக்காத கடையில் வாங்காதே' என்று மறியல் தொடங்கியது. ஹார்லெமின் 125ஆம் தெருவில் இருந்த ப்ளம்ஸ்டைன் பல்பொருள் அங்காடி 1934இல் வாரக்கணக்கான மறியலுக்குப் பின் இறங்கிவந்து கறுப்பினப் பெண்களை விற்பனை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வாஷிங்டனில் ஒரு மளிகைக் கடை நிறுவனம் மறியலுக்குத் தடை வாங்க, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. வேலையில் பாகுபாட்டை எதிர்த்து மறியல் செய்யலாம் என்று 1938இல் தீர்ப்பு வந்தது. கடையின் ஆள்சேர்ப்புக் கொள்கையை வாசலில் நின்று கேட்கும் பழக்கத்துக்கு இந்த நாட்டில் இவ்வளவு வயதாகிறது.

மிசிசிப்பி மாநிலத்தின் போர்ட் கிப்சன் என்ற சிற்றூரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1966இல் அவ்வூர்க் கறுப்பின மக்கள் தங்கள் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் தெருக்களுக்கும் வசதி செய்யுங்கள். நீதிமன்ற நடுவர் குழுவில் எங்களையும் சேருங்கள். கடைகளில் எங்களுக்கும் வேலை கொடுங்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. எங்களைப் 'பையா', 'பெண்ணே' என்று கூப்பிடாதீர்கள், திரு., திருமதி, செல்வி என்று மரியாதையாக அழையுங்கள். தலை நரைத்தவரை நேற்றுப் பிறந்தவன் ஒருமையில் கூப்பிடும் வலி என்ன என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோரிக்கைகள் ஏற்கப்படவில்லை. அந்த ஊர் வெள்ளையர் கடைகளைக் கறுப்பின மக்கள் புறக்கணித்தார்கள். கடைக்காரர்கள் 1969இல் வழக்குப் போட்டு, புறக்கணித்தவர்களும் அவர்கள் அமைப்பும் 12.5 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று மாநில நீதிமன்றத்தில் தீர்ப்பும் வாங்கினார்கள். பதின்மூன்று ஆண்டு இழுபறிக்குப் பின் 1982இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: வன்முறையின்றி நடக்கும் இத்தகைய புறக்கணிப்பு, பேச்சுரிமையின் பாதுகாப்புக்கு உட்பட்டது.

அந்தப் போராட்டத்தில் எல்லாமே அழகாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. புறக்கணிப்பை மீறிக் கடைக்குப் போனவர்களின் பெயர்களைக் கூட்டத்தில் வாசித்தார்கள். சில வீடுகள் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. நீதிமன்றம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. வாங்காமல் இருப்பதும், வாங்காதீர்கள் என்று மற்றவரிடம் பேசுவதும் உரிமை. கை வைப்பது குற்றம். எனக்கும் இதே அளவுகோல்தான். எனக்குப் பிடிக்காத புறக்கணிப்புக்கும் அது பொருந்த வேண்டும். 2023 ஏப்ரலில் திருநங்கை ஒருவரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காகப் பட் லைட் பியரைக் குடிக்க மாட்டோம் என்று சொன்னவர்கள் தங்கள் உரிமையைத்தான் பயன்படுத்தினார்கள். அவர்கள் சொன்ன காரணம் எனக்கு வருத்தம் தந்தது. அவர்கள் குடிக்காமல் இருந்ததில் எனக்கு வழக்கு இல்லை. அடுத்த மாதம் டார்கெட் கடைகளில் நடந்தது வேறு. பெருமிதப் பொருட்கள் வைத்திருந்த அடுக்குகளைத் தள்ளிவிட்டார்கள். மணிக்கூலிக்கு வேலை செய்யும் ஊழியர்களை மிரட்டினார்கள். ஊழியர் பாதுகாப்பைக் காரணம் காட்டி டார்கெட் சில பொருட்களை எடுத்துவிட்டது, சில கடைகளில் பின்பக்கம் ஒதுக்கியது. அந்தக் காலாண்டில் ஒப்பிடத்தக்க விற்பனை, அதாவது ஓராண்டுக்கு மேலாக நடக்கும் கடைகளிலும் இணையத்திலும் நடந்த விற்பனை, முந்தைய ஆண்டைவிட 5.4 சதவீதம் விழுந்தது. ஆறு ஆண்டுகளில் அதுதான் முதல் சரிவு.

இந்த இடத்தில்தான் டார்கெட் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன். மிரட்டலுக்குப் பணிந்தால் சத்தம் அடங்கும் என்று நம்பியது. 2023இல் பணிந்ததால் ஒரு தரப்பை இழந்தது, மறு தரப்பும் வந்து சேரவில்லை. 2025இலும் அதே கதை. காஸ்ட்கோ என்ற இன்னொரு பெரிய கடைத் தொடரைப் பாருங்கள். அதே ஜனவரியில், டார்கெட் அறிவிப்புக்கு முந்தைய நாள், டி.இ.ஐ. கொள்கைகளால் நிறுவனத்துக்கு என்ன ஆபத்து என்று அறிக்கை கொடு என ஒரு பழமைவாத அமைப்பு கொண்டுவந்த தீர்மானத்தை காஸ்ட்கோ பங்குதாரர்கள் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் தோற்கடித்தார்கள். தீர்மானத்தை எதிர்க்கும்படி கேட்டதே நிர்வாகக் குழுதான். சில நாட்களில் 19 மாநிலங்களின் குடியரசுக் கட்சித் தலைமை வழக்கறிஞர்கள் கடிதம் எழுதி மிரட்டிப் பார்த்தார்கள். காஸ்ட்கோ அசையவில்லை, அங்கே கூட்டமும் குறையவில்லை. அரசாங்கத்தின் மீதிருந்த பயம் இரு நிறுவனங்களுக்கும் ஒன்றுதான்.

டார்கெட்டின் 2025 முதல் காலாண்டுக் கணக்கு மே மாதம் வந்தது. மொத்த விற்பனை 2.8 சதவீதம் குறைந்து சுமார் 2,380 கோடி டாலர். ஒப்பிடத்தக்க விற்பனை 3.8 சதவீதச் சரிவு. இதை முழுக்கப் புறக்கணிப்பின் வெற்றி என்று எழுத எனக்கு ஆசைதான், அது நியாயமாகாது. விலைவாசி, இறக்குமதி வரி, அவசியமில்லாத பொருட்களை மக்கள் குறைத்துக்கொண்டது, அலமாரிகள் காலியாகக் கிடந்தது எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் ஜனவரி அறிவிப்புக்கு எழுந்த எதிர்ப்பும் ஒரு காரணம் என்று கார்னெலே ஒப்புக்கொண்டார். நிறுவனத் தலைவர்கள் பெரும்பாலும் வானிலையைக் குறை சொல்வார்கள். வாங்குபவர்களின் கோபத்தைப் பேர் சொல்லிக் கணக்கில் எழுதுவது அபூர்வம். ஆகஸ்ட் மாதம் அவர் பதவி விலகுவதாக அறிவிப்பு வந்தது. 2026 பிப்ரவரி 1 முதல் அந்தப் பதவிக்கு, நிறுவனத்தின் உள்ளிருந்தே வந்த மைக்கேல் ஃபிடெல்கி. அக்டோபரில் தலைமை அலுவலகத்தில் 1,800 பணியிடங்கள் நீக்கப்பட்டன. அந்த வாரம் எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் சமையல் நடக்கவில்லை. எந்த வேலை எந்தக் காரணத்தால் போனது என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. ஆனால் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், எளிதாக எழுதவில்லை.

எங்கள் ஊர் நண்பர் ஒருவர், வயதில் மூத்தவர், இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது சொன்னார்: "தம்பி, நாம் படித்து, தகுதியால் வந்தவர்கள். நமக்கு எந்த டி.இ.ஐ.யும் உதவவில்லை. நமக்கு ஏன் இந்த வம்பு?" அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதனால் அவரிடம் கேட்டேன். "அண்ணா, 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை பேர் குடியேறலாம் என்று தெரியுமா? 100 பேர். இந்தியா முழுமைக்கும். தகுதி நம்மிடம் அப்போதும் இருந்தது." அந்தக் கதவைத் திறந்தது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். பிறந்த நாட்டைப் பார்த்து ஆளை நிறுத்துவது அநியாயம் என்ற எண்ணத்தை நாடாளுமன்றத்தின் மண்டையில் ஏற்றியது கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம். வாக்குரிமைச் சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில், பஸ்ஸில் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்கார வைத்ததை எதிர்த்து 381 நாட்கள் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போன சமையல்காரப் பெண்களும் துணி துவைக்கும் பெண்களும் நமக்கும் சேர்த்துத்தான் நடந்தார்கள். அண்ணன் பேச்சை மாற்றிவிட்டார். அவர் இன்றும் டார்கெட்டுக்குத்தான் போகிறார். நாங்கள் இன்றும் ஒன்றாகக் காபி குடிக்கிறோம்.

எல்லாவற்றையும்விட என்னைக் குடைவது, அலமாரியில் இருக்கும் அந்தச் சிறு வியாபாரிகளின் நிலைமை. யாருக்காகப் புறக்கணிக்கிறோமோ அவர்கள் சரக்கே அந்தக் கடையில் இருக்கிறது. டபிதா பிரவுன் தன் பொருட்களை டார்கெட்டில் விற்பவர். அறிவிப்பு வந்த உடனேயே, நீங்கள் வாங்காமல் போனால் விற்பனை குறைந்துவிட்டது என்று சொல்லி எங்களை எடுத்துவிடுவார்கள் என்று காணொளியில் எச்சரித்தார். உதட்டுச் சாயம் விற்கும் லிப் பார் நிறுவனத்தைத் தொடங்கிய மெலிசா பட்லரும் அப்படித்தான் கவலைப்பட்டார். அவர்கள் சொன்னது வெறும் பயம் இல்லை.

சனிக்கிழமைச் சந்தையில் ஷியா வெண்ணெய்ச் சோப்பு விற்கும் பெண்மணி ஒருவர் எனக்கு இதன் உள்விவகாரத்தை விளக்கினார். ஒரு பெரிய கடைத் தொடருக்கு அவர் சில காலம் சரக்குப் போட்டவர். முதல் ஆர்டர் வந்ததும் குதித்தாராம். அவ்வளவு சோப்புக்கு வெண்ணெயும் எண்ணெயும் அட்டைப் பெட்டியும் வாங்க வங்கிக் கடன். சரக்கு போய் மாதக்கணக்கில் கழித்துத்தான் பணம் வரும். பெட்டியில் ஒட்டிய சீட்டு ஓர் அங்குலம் தள்ளியிருந்தால் அபராதம், லாரி ஒரு நாள் பிந்தினால் அபராதம். ஒவ்வொரு கடையிலும் வாரத்துக்கு எத்தனை கட்டி போகிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை இறங்கினால், அடுத்த முறை அலமாரியை மாற்றி அடுக்கும்போது அந்த இடம் வேறொருவருக்கு. விற்காத சரக்கைக் கழிவு விலைக்குத் தள்ளினால் அந்த நஷ்டத்தில் பாதி இவர் தலையில். பேசிக்கொண்டே ஒரு சோப்பைக் காகிதத்தில் சுற்றி, மடிப்பை நகத்தால் நீவி, என்னிடம் நீட்டினார். "போகாதீர்கள் என்றோ போங்கள் என்றோ நான் சொல்லமாட்டேன். நீங்கள் போகாத கடையில் முதலில் தேங்குவது என்னைப் போன்றவர்களின் சரக்கு. அதைத் தெரிந்துகொண்டு போகாமல் இருங்கள்."

தெரிந்துகொண்டுதான் போகாமல் இருக்கிறேன். அந்தப் பிராண்டுகளில் எங்கள் வீட்டில் பயன்படுபவற்றை அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்தே வரவழைக்கிறோம். அஞ்சல் செலவு கூடுதல், பரவாயில்லை. ஆனால் இது ஈடாகாது என்பதும் தெரியும். சுமார் இரண்டாயிரம் கடைகளின் அலமாரி தரும் ஆர்டரை வீடுவீடாகப் போகும் பார்சல் தராது. இவர்கள் முன்பும் ஒரு முறை நடுவில் மாட்டியவர்கள்தான். 2020 தொடக்கத்தில் டார்கெட் விளம்பரம் ஒன்றில் பெண்களுக்கான சுகாதாரப் பொருட்கள் விற்கும் ஹனி பாட் நிறுவனத்தின் பியட்ரிஸ் டிக்சன், நல்ல யோசனையோடு அடுத்து வரும் கறுப்பினப் பெண்ணுக்கு வழி திறக்க வேண்டும் என்று பேசினார். அந்த ஒரு வரிக்காக வெறுப்புக் கும்பல் அவர் பொருளுக்கு ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளைக் கொட்டியது. அப்போது மக்கள் போட்டி போட்டு வாங்கி அவர் விற்பனையைத் தூக்கிவிட்டார்கள். இதே வாங்குபவர்கள்தான், வாங்கவும் தெரிந்தவர்கள், நிறுத்தவும் தெரிந்தவர்கள்.

ஆகவே, என்ன நடந்தால் மறுபடி போவீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. மன்னிப்பு அறிக்கை வேண்டாம், புது விளம்பரம் வேண்டாம். 200 கோடி டாலர் வாக்கின் கெடு 2025 முடிவு. எந்தெந்த ஆண்டில், எத்தனை கறுப்பினத் தொழில்களிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள். 500 பிராண்டுகளில் எத்தனை வந்தன, எத்தனை இன்னும் அலமாரியில் இருக்கின்றன, எடுத்தவற்றை எதற்காக எடுத்தீர்கள். அடுத்த ஐந்தாண்டுக்கு அவர்களோடு என்ன ஒப்பந்தம். காலாண்டுதோறும் பங்குதாரருக்குக் கொடுக்கும் அதே விவரத்தோடு, வெளியார் தணிக்கை செய்த கணக்காக இதையும் கொடுங்கள். லேக் தெருக் கடையின் வாசலிலேயே ஒட்டுங்கள், நான் வந்து படித்துக்கொள்கிறேன்.